துணி மூட்டையில் இருந்த வரலாறு

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிரத்தில் பல பழைய வீடுகளின் பரணில் துணி மூட்டைகள் கிடந்தன. அவற்றை ருமால் என்பார்கள். அவிழ்த்தால் உள்ளே பழுப்பேறிய காகிதங்கள் இருக்கும். பல வீடுகளில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. கரையான் தின்றது போக, பல காகிதங்கள் கடையில் பொட்டலம் மடிக்கப் போயின.

அவை சாதாரணக் காகிதங்கள் அல்ல. 1818-க்கு முன்பு அங்கே மராட்டியர் ஆட்சி நடந்தது. தளபதிகள் போர்க்களத்திலிருந்து எழுதிய கடிதங்கள், வரிக் கணக்குகள், நிலம் கொடுத்த பத்திரங்கள், ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்ப்புகள் எல்லாம் அந்த மூட்டைகளில் இருந்தன.

அவற்றை வெளியே காட்டப் பலர் பயந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1852-இல் ஆங்கில அரசு இனாம் கமிஷன் என்ற ஒன்றை அமைத்தது. மானியமாகக் கிடைத்த நிலத்துக்குச் சரியான பத்திரம் இருக்கிறதா என்று அது துருவிப் பார்த்தது. பலர் மானியத்தை இழந்தார்கள். அதன் பிறகு பழைய காகிதத்தைக் கேட்டு யார் வந்தாலும் மக்களுக்குச் சந்தேகம்தான்.

இப்படிப்பட்ட வீடுகளின் கதவைத் தட்டியவர் விசுவநாத காசிநாத ராஜவாடே. இளம் வயதிலேயே அவர் மனைவி இறந்துவிட்டார். ராஜவாடே மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஊராக அலைந்து காகிதம் தேடுவதே அவர் வாழ்க்கை ஆனது. கொஞ்சம் முன்கோபக்காரர். ஆனாலும் காகிதம் தரும்வரை விடமாட்டார்.

நம் நாட்டின் கதையை அப்போது ஆங்கிலேயர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். மராட்டியர் வரலாற்றை கிராண்ட் டஃப் என்ற ஆங்கில அதிகாரி 1826-இல் வெளியிட்டிருந்தார். அதில் குறைகள் உண்டு என்று ராஜவாடே கருதினார். வெறுமனே குறை சொன்னால் போதுமா? ஆதாரம் வேண்டும் அல்லவா? அந்த ஆதாரம்தான் பரணில் கிடந்தது.

1898-இல் அவர் முதல் தொகுதியை அச்சிட்டார். 1761-இல் நடந்த பானிப்பட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளின் கடிதங்கள் அதில் இருந்தன. இப்படி மொத்தம் 22 தொகுதிகள் வந்தன. ஆங்கிலம் படித்தவர்தான். ஆனாலும் மராத்தியில்தான் எழுதினார்.

ஒரே ஆள் எவ்வளவு நாள் அலைய முடியும்? அவருக்குப் பிறகு காகிதங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதனால் 1910 ஜூலை 7 அன்று புனே நகரில் ராஜவாடேயும் கண்டேராவ் மெஹெந்தளேயும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் பாரத இதிகாச சம்சோதக மண்டல். இந்திய வரலாற்று ஆராய்ச்சியாளர் சங்கம் என்று பொருள்.

இது அரசு அலுவலகம் அல்ல. ஊர் மக்கள் கூடி நடத்திய சங்கம். கிடைத்த காகிதத்தைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். அது உண்மையா, போலியா என்று வாதாடுவார்கள். பிறகு அச்சிடுவார்கள். இப்போது அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய காகிதங்கள் உள்ளன. சுவடி, நாணயம், ஓவியம் என்று மற்றவையும் உண்டு. ராஜவாடே 1926-இல் துலே என்ற ஊரில் இறந்தார். சங்கம் நின்றுபோகவில்லை.

சங்கத்தின் இன்னொரு வேலை, எழுத்துச் சொல்லித் தருவது. பழைய காகிதங்கள் பெரும்பாலும் மோடி எழுத்தில் உள்ளன. இங்கே மோடி என்பது ஆளின் பெயர் அல்ல, எழுத்தின் பெயர். முதலில் மேலே நீளமாக ஒரு கோடு போடுவார்கள். அதன் கீழே கையை அதிகம் தூக்காமல் வேகமாக எழுதுவார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. சுமார் 1950 வரை மராத்தி மக்கள் இதை எழுதினார்கள். பிறகு பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை. நன்றாகப் படித்த பேரனுக்கும் தாத்தாவின் பத்திரம் புரியாமல் போனது. அதனால்தான் சங்கம் மோடி வகுப்பு நடத்துகிறது. 2023-இல் மகாராஷ்டிர அரசு பழைய சாதிப் பதிவுகளைத் தேடியது. அப்போது மோடி படிக்கத் தெரிந்தவர்களின் உதவி தேவைப்பட்டது.

பழைய காகிதங்களில் மகஜர் என்று ஒரு வகை உண்டு. இன்று நாம் கோரிக்கை மனுவை மகஜர் என்கிறோம். அன்று அது ஊர்ச் சபையின் தீர்ப்பு. வயல் யாருக்கு, பட்டேல் பதவி யாருக்கு என்று ஊரார் கூடிப் பேசுவார்கள். பேசியதை எழுதுவார்கள். எல்லோரும் அடியில் சாட்சி போட வேண்டும். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? உழவர் ஒரு சின்னக் கலப்பையை வரைவார். மற்றத் தொழிலாளிகளும் தங்கள் கருவியின் உருவத்தைப் போடுவார்கள். மன்னரின் பெயர் உள்ள காகிதத்தைப் போலவே, பெயர் எழுதத் தெரியாத உழவரின் கலப்பையும் இன்று பாதுகாக்கப்படுகிறது. சொல்லப்போனால், ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்று அறிய மகஜர்தான் அதிகம் உதவும்.

மோடி எழுத்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் இருந்தார்கள். அவர்களின் அலுவலகக் கணக்குகள் மோடியில் எழுதப்பட்டன. அந்தக் கட்டுகள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி நூலாக வெளியிட்டிருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

இனாம் கமிஷனுக்குப் பிறகு மக்கள் ஏன் காகிதங்களை மறைத்தார்கள்? கலப்பை வரைந்த உழவரின் சாட்சிக்கும் கைநாட்டுக்கும் என்ன வேறுபாடு?

உங்கள் வீட்டில் பழைய பத்திரம், குத்தகைச் சீட்டு, கடிதம் எது இருக்கிறது? எடுத்து வந்து வகுப்பில் வாசியுங்கள். அதில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படித்த பிறகு ஈரமும் கரையானும் படாத இடத்தில் திருப்பி வையுங்கள்.