பேரவையில் நிறைவேறினால் சட்டமா?

முதலமைச்சர் சட்டப்பேரவையில் ஒன்றை அறிவித்தாலே அது சட்டமாகிவிடும் என்பது தமிழ்நாட்டில் பரவலான நம்பிக்கை. 110ஆவது விதியின் கீழ் படிக்கப்படும் அறிக்கை அரசின் அறிவிப்பு மட்டுமே. அதன்மீது விவாதம்கூடக் கிடையாது. அரசாணை வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். தீர்மானமும் சட்டம் அல்ல. கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 2 அன்று பேரவை நிறைவேற்றியது ஒன்றிய அரசுக்கான வேண்டுகோள். அது எவரையும் கட்டுப்படுத்தாது.

சட்டத்தை எழுதுவோர் எம்.எல்.ஏ.க்கள் என்பதும் பாதி உண்மைதான். தனி உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். நடைமுறையில் ஏறக்குறைய எல்லாமே அரசின் மசோதாக்கள். துறை கருத்துரு தயாரிக்கிறது, சட்டத்துறை வாசகம் எழுதுகிறது, அமைச்சரவை ஒப்புகிறது, அமைச்சர் அறிமுகம் செய்கிறார். பிறகு ஆய்வு, கூறுவாரியாக வாக்கெடுப்பு, நிறைவேற்றம். 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டதால் 234 உறுப்பினர்கள் கொண்ட ஓர் அவையே போதும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் வரிசையாக நிறைவேறுவதைப் பார்த்தால், ‘கூறுவாரியாக’ என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

பேரவையில் நிறைவேறிய மசோதா சட்டமாகாமலே போவதும் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஆளுநரைப் பற்றி எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. அவர் வெறும் கையெழுத்துப் போடுபவர் என்பது ஒன்று. அவர் நினைத்தால் மசோதாவை முடக்கிவிடலாம் என்பது மற்றொன்று. அரசமைப்பின் 200ஆவது பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாததை ஒப்புதல் மறுத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். திருப்பியதை அவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா அப்படித்தான் சட்டமானது: 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச்சில் திரும்பி வந்து, அதே மாதம் 23ஆம் தேதி மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது.

சிக்கல் காலக்கெடுவில்தான். மறுபடி நிறைவேறிய பத்து மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் சொன்னது; ஒப்புதலுக்குக் கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்புதலுக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்றும், ‘கருதப்படும் ஒப்புதல்’ கிடையாது என்றும் கருத்துரைத்தது. ஆனால் காரணமின்றி ஆளுநர் காலவரையறையற்றுத் தாமதித்தால் முடிவெடுக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும்.

எல்லா மசோதாவும் டெல்லிக்குப் போவதில்லை. பொதுப்பட்டியலில் உள்ள பொருள் பற்றிய ஒன்றிய அரசின் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால், அது மாநிலத்தில் நிலைக்கக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டமும் 2017இன் ஜல்லிக்கட்டுச் சட்டமும் அப்படி ஒப்புதல் பெற்றவை. இருமுறை நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் தெரிவிக்கப்பட்டது. மறுபடி நிறைவேற்றுவது ஆளுநரைக் கட்டுப்படுத்தும், குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தாது.

அரசிதழில் வெளியானதும் சட்டம் ஓடத் தொடங்கிவிடும் என்பதும் எப்போதும் சரியல்ல. அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று.