மருந்து சொல்லும் முன்

அன்புள்ள மகளுக்கு,

மாடித்தோட்டக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. இனி விடிந்ததும் உன் வாட்ஸ்அப்பில் இலைப் படங்கள் வந்து குவியும். சுருண்டது, வெளுத்தது, ஓட்டை விழுந்தது என்று எதுவானாலும் கூடவே வரும் கேள்வி ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்கணும்?" அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுரைக்கொடியையே எடுத்துக்கொள். "பூவெல்லாம் கொட்டுதும்மா" என்பார்கள். பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் அது ஆண் பூ. முதலில் வருவது ஆண் பூக்கள்தான். உதிர்வது அவற்றின் இயல்பு. பெண் பூவும் வந்து, பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படு. சுரைப்பூ அந்தியில் விரியும். அந்த நேரத்தில் வரும் அந்துப்பூச்சிகள் மூன்றாவது மாடிக்கு வராமல் போகலாம். சாயங்காலம் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டு வைக்கச் சொல். பூசணி காலையில் விரிவதால் அதற்குக் காலையிலேயே செய்ய வேண்டும். நீயே செய்து கொடுத்துவிட்டு வராதே. அவர் கையால் செய்ய வை. அவர் பக்கத்து வீட்டுக்குக் காட்டிக் கொடுப்பார்.

மாவுப்பூச்சி விஷயத்தில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது என்று படம் வரும். நேரில் போய்ப் பார். அந்தப் பஞ்சுக்கூட்டத்தில் கொஞ்சம் பெரிதாய், சுறுசுறுப்பாய் ஓடுவது ஒன்று இருந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். கிரிப்டோலேமஸ் என்ற அந்த வண்டு 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருப்பதால் அதையும் சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள். எறும்பு வரிசையையும் கவனி. மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும்; எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிப் பார்க்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கட்டும்.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நீ அறியாதது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெளுத்தன. மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் கண்ணுக்கு எளிதில் தென்படாத குளவிதான் அதை அடக்கியது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்.

செடி வாடினால் எல்லோரும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். வேர் அழுகினாலும் செடி வாடும். ஈரம் பார்க்க மண்ணுக்குள் விரலை விடச் சொல். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்தால், ஒருநாள் வெள்ளமும் ஒருநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுகிறார்களா என்று முதலில் விசாரி. இரண்டு மணி நேர வெயில் விழும் பால்கனியில் தக்காளி கேட்பவரிடம் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, புதினாத் தண்டு கொடு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பல்கலைக்கழக அலுவலர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் 1973இல் பொதுமக்களுக்கே பயிற்சி கொடுத்துப் பதில் சொல்ல அனுப்பினார்கள். மாஸ்டர் கார்டனர் என்ற அந்த ஏற்பாட்டில் பயிற்சிக்குக் கைம்மாறு, ஊருக்குக் கொடுக்கும் நேரம். நம் குழுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். விதைப் பாக்கெட்டோ உரமோ விற்காதே. விற்கத் தொடங்கினால் உன் யோசனையை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

கிணற்றடியில் அவரையும் பாகலும் வளர்த்த பாட்டிமார் பல வீடுகளில் இருப்பார்கள். அவர்களைப் பேசவிடு. செடி செத்துப்போனவரிடம் "நீங்கதான் கெடுத்தீங்க" என்று ஒருபோதும் சொல்லாதே. அவர் மறுபடி விதை போடமாட்டார். தெரியாத பூச்சியென்றால் தெரியாது என்று சொல்லி, டப்பாவில் பிடித்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போ. போகும்போது வீட்டுக்காரரையும் அழைத்துப் போ.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. விதை கேட்டிருக்கும் வீடுகளுக்கு இந்த ஞாயிறே போய், மாடியில் வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று அவர்களோடு நின்று பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அக்கம்பக்கத்துத் தோட்டக்காரி