பல்லாண்டுப் புற்கள் கோடையைத் தாங்கும் விதம்

(தாம்பரம் சுற்றுப்புற மேய்ச்சல் நிலங்களை உத்தேசித்து எழுதியது)

தாம்பரம், வண்டலூர், முடிச்சூர், நன்மங்கலம் முதலிய ஊர்களின் பூமி இருவகைக் கஷ்டங்களுக்கு உட்பட்டது. இப்பிரதேசத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனினும் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாசி முதல் வைகாசி வரை மழை அரிது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2019-ஆம் வருஷக் கோடையிலோ, சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் ஏறக்குறைய முழுதும் வறண்டன. இத்தகைய பூமியில் ஆடுமாடுகளுக்கு நிரந்தரமாக ஆகாரம் தரக்கூடியவை பல்லாண்டுப் புற்களே. அவை எவ்வாறு பிழைக்கின்றன என்பதை அறிந்தாலன்றி அவற்றைக் காப்பாற்ற இயலாது.

1. வேரும் முளையும்

ஓராண்டுப் புல் மழையில் முளைத்து, விதையைச் சிந்திவிட்டு மாய்கிறது. பல்லாண்டுப் புல்லோ தன் உயிரைத் தரைமட்டத்திலும் தரைக்குள்ளும் ஒளித்து வைக்கிறது. அருகம்புல்லின் தண்டு தரைமேலும் தரைக்குள்ளும் ஓடிக் கணுத்தோறும் வேர்விடுகிறது. கொழுக்கட்டைப் புல்லின் முளைகள் தூரின் அடியில் பத்திரமாக இருக்கின்றன. மேலே உள்ள இலை முழுதும் காய்ந்தாலும் இம்முளைகள் சாவதில்லை. குளிர்ப்பிரதேசப் புல்வெளிகளில் பனிக்காலத்தைக் கடக்க உதவுவதும் இதே உபாயமாம். அங்கே பனிக்குப் பயந்து உறங்குகின்றன. இங்கே வெயிலுக்குப் பயந்து உறங்குகின்றன.

வேரின் ஆழமும் முக்கியமானது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்துப் புல்வெளிகளில் வீவர் என்னும் பேராசிரியர் ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிப் புல்வேர்களை அளந்தார். சில புற்களின் வேர்கள் ஆறடிக்கும் கீழே சென்றிருந்தன. 1934-ஆம் வருஷத்துக் கொடிய வறட்சியில், வேர் ஆழம் குறைந்த புற்கள் பெரிதும் மடிந்தன; ஆழ வேரோடியவை அவற்றினும் நன்றாகத் தாங்கின. ஓயாமல் மேய்க்கப்பட்ட நிலங்களுக்கே சேதம் அதிகம்.

2. இலையின் சிக்கனம்

உச்சிவேளையில் புல்லின் இலை குழல்போல் சுருண்டிருப்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். இலையின் மேற்புறத்திலுள்ள சில பெரிய அணுக்கள் ஜலத்தை இழந்து சுருங்குவதே இதற்குக் காரணம். இதனால் வெயில் படும் பரப்புக் குறைகிறது, ஈரமும் மிஞ்சுகிறது.

மேலும், கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைப் போலவே அருகும் கொழுக்கட்டையும் கரியமில வாயுவை முதலில் ஒருவகை அமிலமாகப் பிடித்து, இலையின் உள்ளறைகளுக்கு அனுப்பிப் பின்னர் சர்க்கரையாக்குகின்றன. கரும்பில் நிகழும் இம்முறையை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் 1966-இல் விளக்கினர். இதன் பயன் யாதெனில், இலைத் துவாரங்கள் பாதி மூடியிருக்கும்போதும் வேலை நடைபெறும். ஒரே அளவு ஜலத்தைக்கொண்டு அதிகத் தீவனம் உண்டாகும். நெற்பயிருக்கும் குளிர்ப்பிரதேசப் புற்களில் பெரும்பாலானவற்றுக்கும் இவ்வசதி இல்லை.

3. சேமிப்பும் முதல் மழையும்

உறங்கும் புல்லுக்கு ஆதாரம், தூரிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவும் சர்க்கரையுமாகும். முதல் மழை விழுந்தவுடன் அச்சேமிப்பைச் செலவிட்டே புல் புதுத்தளிர் விடுகிறது. தளிர் வளர்ந்து வெயிலில் வேலை செய்து கடனைத் தீர்ப்பதற்குமுன் ஆடுமாடுகள் அதைக் கடித்துவிட்டால், மிஞ்சிய சொற்பத்தைக்கொண்டு மறுபடியும் தளிர் விடும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தால் தூர் வெறுமையாகி மடியும். கோடை முழுவதும் வெயிலைத் தாங்கிய புல், மழை வந்தபின் மடிவது இதனாலேயே. பழியை மட்டும் கோடையின்மேல் சுமத்துகிறோம்.

அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955-இல் வெளியிட்ட சோதனைகளும் இதற்குத் துணையாகும். இலையில் பாதிக்குமேல் ஒரேயடியாக வெட்டியபோது, பெரும்பாலான புற்களில் வேரின் வளர்ச்சி சில நாட்கள் அடியோடு நின்றுவிட்டது. வேர் வளராத புல்லுக்கு அடுத்த கோடையில் ஆழத்து ஈரம் எட்டாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தவர்கள். நம் பக்கத்து மழையில் சுமார் பாதியே பெறும் அவர்கள், ‘கொறங்காடு’ என்னும் நிலத்தைக் கிளுவை வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளர்த்து, காட்டுக்குக் காடு மாற்றி மேய்க்கிறார்கள். காங்கேயம் மாடுகள் இம்மேய்ச்சலில் வளர்ந்தவையே.

4. செய்யவேண்டுவன

(அ) முதல் நல்ல மழைக்குப்பின், புல் ஒரு சாண் உயரும் வரையில் ஆடுமாடுகளை உள்ளே விடலாகாது.

(ஆ) நிலத்தை மூன்று அல்லது நான்கு பங்காக வகுத்து மாற்றி மாற்றி மேய்க்கவேண்டும். பாதி மாட்டுக்கு, பாதி புல்லுக்கு என்பதை விதியாகக் கொள்க.

(இ) மேட்டுச் சரளை நிலத்துக்குக் கொழுக்கட்டை ஏற்றது. மழைக்காலத்தில் ஜலம் தேங்கும் தாழ்ந்த இடங்களில் அது நிலைக்காது; அங்கே அருகையே காக்கவேண்டும்.

(ஈ) கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கோ 1 நீலக் கொழுக்கட்டை விதையை ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ வீதம், 50 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் மேலாக விதைக்கலாம். புதுவிதை சரிவர முளைக்காது. 6 முதல் 8 மாதம் இருப்பு வைத்ததே நல்லது. முதல் அறுப்பு 70 முதல் 75 நாட்களில் வரும். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்த்தால் தீவனத்தின் சத்து மிகும்.

(உ) காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் தீவனப் பயிர்களைப்பற்றிய ஆலோசனை பெறலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மேய்க்கால் புறம்போக்கில் தனி ஒருவர் மட்டும் மாட்டைக் கட்டிவைத்தால் பயனில்லை. மற்றவருடைய மாடு மேய்ந்துவிடும். ஆதலால் முதல் மழைக்குப்பின் அடைப்புக்காலத்தைக் கிராம சபையில் பேசி முடிவுசெய்து, தண்டோரா மூலம் யாவருக்கும் அறிவிக்கவேண்டும். தாம்பரத்தைச் சுற்றி வயலும் மேய்ச்சலும் வீட்டுமனைகளாகிவரும் இந்நாளில், மிஞ்சியிருக்கும் சில ஏக்கர்களே ஏழைகளின் கறவைப் பசுக்களுக்குக் கதி. ஒரு மாதப் பொறுமை அவற்றை அழியாமல் காக்கும்.