பெயரைக் கொடுத்தால் மதிப்பு வரவேண்டும்

பிரிக்பீல்ட்ஸ்

அன்புத் தம்பி முகிலனுக்கு,

ராப்லாக்ஸ் விளையாட்டில் நீ ஓட்டும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை வந்து பார்த்தேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மாறி வைத்துப் பயணிகளை எண்ணுகிறாய். ரயில் நிற்கும் நிலையத்தின் பெயரை ஒட்டி, அந்தப் பெயருள்ள மாறியைத் திறக்க முடியுமா என்று கேட்டிருந்தாய்.

மூல லுவாவில் முடியும். 1993இல் ரியோ டி ஜெனிரோவில் உருவான அந்த மொழி, பொது மாறிகளையெல்லாம் _ஜி என்ற அட்டவணையில் வைத்திருக்கும். பெயரைச் சரமாகக் கொடுத்தால் மதிப்பு வந்துவிடும். லோக்கல் மாறிகள் மட்டும் அதில் இருக்கமாட்டா.

ராப்லாக்ஸில் ஓடுவது அதன் கிளைமொழி. அங்கே _ஜி என்பது ஸ்கிரிப்டுகள் பகிர்ந்துகொள்ளும் காலிப் பை. உன் மாறி தானாக அதில் விழாது. தேடினால் 'நில்', அதாவது வெறுமை, கிடைக்கும்; பிழைச்செய்திகூட வராது. சரத்தையே நிரலாக ஓட்டும் லோட்ஸ்ட்ரிங் பக்கம் போகவே வேண்டாம். யாரோ தட்டிய எழுத்து நிரலாக ஓடும் ஆபத்து இருப்பதால்தான் சர்வரில் அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறார்கள்.

உனக்குத் தேவை சொந்த அட்டவணை ஒன்று. நிலையப் பெயரே சாவி, பயணிகள் எண்ணிக்கை மதிப்பு. புது நிலையம் வந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அட்டவணையைப் பேர்ஸ் கொண்டு சுற்றினால் வரிசைக்கு உத்தரவாதமில்லை. ரயில் புக்கிட் பாடாக்கிலிருந்து சுபாங் ஜெயாவுக்குத் தாவிவிடலாம். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா என்ற வரிசையை எண்ணிட்ட இன்னொரு பட்டியலில் வை.

இதில் நமக்கொரு லாபமும் உண்டு. மாறியின் பெயரில் தமிழெழுத்தும் இடைவெளியும் செல்லா, சாவியில் செல்லும். "போர்ட் கிள்ளான்" என்றே எழுதலாம். ஒரு சிக்கல்: 'போ'வில் உள்ள குறியை யுனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அட்டவணைக்கோ அவை வேறுவேறு சாவிகள். யூடிஎஃப்8 நூலகத்தின் என்எஃப்சி நார்மலைஸ் வழியாக எல்லாப் பெயரையும் ஒரே வடிவாக்கிய பிறகே சாவியாக்கு. இல்லாத பெயர் வந்தால் அசர்ட் கொண்டு அங்கேயே நிறுத்து.

பழைய மாறிகளை அழித்துவிட்டு, புதிய அட்டவணையை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்