பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போ, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கொழுந்தும் மழையும் மடுல்சீமை ரோட்டின் பள்ளங்களும். உன் அம்மாவைப் பற்றிக் கடைசியில் ஐந்து வரி. “அம்மாவுக்கு ரொட்டி இறங்கமாட்டேங்குது. தண்ணி குடிச்சு குடிச்சு விழுங்குறாங்க. பதுளையில கமரா விட்டுப் பாக்கணும்னு துண்டு குடுத்திருக்காங்க. இந்த வயசுல அதெல்லாம் தேவையாண்ணே?” என்று கேட்டிருக்கிறாய்.

தேவை. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதி எழுதுவதெல்லாம் நீ சொல்லப்போகும் சாக்குகளுக்காக. உன்னை எனக்குத் தெரியும். இதே கேள்வியைக் கையில் துண்டோடு லுணுகலையிலும் பூனாகலையிலும் அப்புத்தளையிலும் பல பேர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன் முதல் சாக்கு, “அது கேஸ் தாண்ணே”. நம் லயங்களில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் என்ன வந்தாலும் அதற்குப் பேர் கேஸ். கடையில் ஒமெப்ரசோல் வாங்கிக் கொடுத்திருப்பாய். ரெண்டு நாள் எரிச்சல் குறைந்திருக்கும், நீயும் நிம்மதியாகக் கொழுந்து லொறி பின்னால் போயிருப்பாய். தம்பி, எரிச்சல் வேறு, இறங்காமல் சிக்குவது வேறு. எரிச்சலுக்குச் சில வாரம் மாத்திரை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. உணவு சிக்கினால் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, நன்றாக விரிந்து கொடுக்கும் குழாய். விரியும் அகலம் சுமார் 13 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் வரைக்கும் அது பெரும்பாலும் முறையிடாது. ரொட்டி சிக்கத் தொடங்கியது என்றால் உள்ளே ஏற்கெனவே வெகுவாகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் ரொட்டி, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று வரிசையாக நின்றுபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அந்த மாத்திரை இன்னொரு கெடுதலும் செய்யும். உள்ளே புண்ணோ கட்டியோ இருந்தால், அதன் அறிகுறியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து உன்னை ஏமாற்றிவிடும்.

ரெண்டாவது சாக்கு: “ஸ்கேன் எடுத்தோமே, ஒண்ணுமில்லைன்னாங்களே.” காசு கொடுத்து எடுத்த அந்த ஸ்கேன் கல்லீரலையும் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் பார்ப்பதற்கு நல்லது. உணவுக்குழாயின் உள்தோல் அதில் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அந்த உள்தோலை நேரே பார்த்து, சந்தேகமான இடத்தில் கடுகளவு சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப எண்டோஸ்கோபியால்தான், அதாவது நீ எழுதிய அந்தக் கமராவால்தான் முடியும்.

இப்போது, நீ எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். அம்மா வெற்றிலை போடுகிறாரா? “பொயிலை போடுறதில்லண்ணே, வெறும் வெத்தலை பாக்குதான்” என்று உடனே சொல்வாய். மலையில் நிற்கும்போது பசி தெரியாமல் இருக்கக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு சாற்றை விழுங்குகிறவர்கள் நம் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலமும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டுக்கு இது புதிய செய்தியும் இல்லை. ஸ்டீபன், உரகொட என்ற இரண்டு மருத்துவர்கள் இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1970இலேயே பிரித்தானியப் புற்றுநோய் இதழில் எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் செய்தி லயத்து வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பயப்படுத்திவிட்டேனா? கொஞ்சம் பொறு. உணவு சிக்குவதெல்லாம் புற்றுநோய் கிடையாது. நம் தோட்டத்துப் பெண்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறொன்று. அம்மா முகம் வெளிறியிருக்கிறதா? ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நகம் குழிந்து கரண்டி மாதிரி இருக்கிறதா? நாக்கு வழவழப்பாக எரிகிறதா? ரத்தத்தில் இரும்புச் சத்து வருஷக்கணக்கில் குறைந்துபோனவர்களுக்கு, பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளரும். பிளம்மர்-வின்சன் என்று இரண்டு மருத்துவர்களின் பெயரால் அந்த நோயைச் சொல்வார்கள். சில பேருக்குக் கமராக் குழாய் உள்ளே போகும்போதே அந்தச் சவ்வு கிழிந்து வழி விட்டுவிடும். மற்றவர்களுக்கு அதே குழாய் வழியாகச் சிறிய பலூனை விட்டு விரித்துவிடுவார்கள். பிறகு இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். பார்க்காமல் விட்டால் அதே இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். எந்த நோயாக இருந்தாலும் போய்ப் பார்த்தால்தான் வழி பிறக்கும்.

அந்த இரும்புச் சத்து எங்கே போனது என்று கேட்டால் அதுவும் நம் தோட்டத்துக் கதைதான். சிறுகுடலில் கொக்கியைப் போட்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு செருப்பில்லாத கால்வழியே ஏறி வரும். அதை ஒழிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. நூறு வருஷம் தாண்டியும் வெளிறிய முகங்களை நாம் ‘உடம்பு வாகு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரத்தசோகைக்குக் காரணம் தேடவும் இதே கமராவைத்தான் விடுகிறார்கள். வயிற்றுப் புண்ணில் இருந்து தெரியாமல் கசியும் ரத்தத்தையும் அது பிடித்துக் கொடுக்கும்.

அடுத்து, குழாய்ப் பயம். ஹோஸ் பைப்பை விழுங்கவைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவரைப் போய்ப் பார், அநேகமாக அவருக்கு எண்டோஸ்கோபி செய்திருக்கவே மாட்டார்கள். 1868இல் ஜெர்மனியில் குஸ்மௌல் என்ற மருத்துவர் வளையாத உலோகக் குழாயை வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் பயந்திருந்தால் நியாயம். 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் வளையும் குழாயைச் செய்து, நோயாளிக்கு விடும் முன் தானே விழுங்கிப் பார்த்தார். இன்றைய குழாய் உன் சுண்டுவிரல் தடிமனைத் தாண்டாது. தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். தேவைப்பட்டால் அரைத்தூக்கத்துக்கு ஊசியும் உண்டு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையம் வைப்பார்கள். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், வாயில் எச்சில் வழியும். மூச்சு நிற்காது, ஏனென்றால் குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை. மூக்கால் நிதானமாக மூச்சு விடச் சொல். வெறுமனே பார்ப்பதென்றால் ஐந்து பத்து நிமிஷத்தில் முடியும். சதை கிள்ளும்போது வலிக்காது. ஆபத்தே கிடையாதா என்றால், உண்டு. ரத்தக் கசிவோ துளையோ ஏற்படலாம், ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அப்படி ஆவதில்லை. பார்க்காமல் விட்டால் வரும் ஆபத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்.

காசு? பதுளை போதனா வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. போவது ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், அதுவும் உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ரெண்டு பேர். அது பெரிய தொகைதான், இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் போ.

நீ கட்டாயம் சொதப்பப்போவது முந்திய இரவில் இருந்துதான். சோறு, ரொட்டி எதுவும் கடைசி ஆறு மணித்தியாலத்துக்குள் போகக் கூடாது. தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று துண்டில் எழுதியிருப்பதைப் பார். விடியக்காலையில் குளிருது என்று பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிடாதே. வயிற்றில் உணவோ பாலோ இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வெற்றிலையும் வேண்டாம். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கிளினிக் கொப்பியையும், போடுகிற எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துக்கொள். முக்கியமாக, முதுகுவலிக்கு அம்மா கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக்கை மறைக்காதே. அந்த மாதிரி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்குபவை. சீனி வருத்தத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுத்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தூக்க ஊசி போட்டால் அம்மாவைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடாதே. தொண்டை மரத்திருக்கும் வரைக்கும் வாயில் எதையும் கொடுக்காதே.

சிங்களம் சரியாக வராது என்று தயங்கினாய், இல்லையா? உன் அம்மா கைநாட்டு வைக்கும் சம்மதக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. “மிஸ், தமிழ்ல சொல்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க” என்று நாகரிகமாகக் கேள். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னைக் கேட்காதே.

கமராவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அம்மா சொல்லலாம். அவரிடம் இதையும் சொல். பார்க்கிற குழாயிலேயே வைத்தியமும் நடக்கிறது. கசியும் புண்ணுக்கு ஊசி போடுவார்கள், கிளிப் வைப்பார்கள். ஆரம்பத்திலேயே கண்ட சின்னக் கட்டியைச் சீவி எடுக்க முடியும். முற்றிப்போன நோயிலும் சல்லடைக் குழாய் ஒன்றை உள்ளே பொருத்தி, கஞ்சியாவது இறங்க வழி செய்வார்கள். கசிப்புக் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்து வெடிக்கும். அவற்றுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும் இதே வழியில்தான். உங்கள் லயத்தில் யாராவது ரத்தம் வாந்தி எடுத்தாலோ, தார் மாதிரிக் கறுப்பாக வெளிக்கிருந்தாலோ விடியட்டும் என்று பார்க்காதே, 1990 சுவசெரிய ஆம்புலன்ஸைக் கூப்பிடு. (இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.)

ஒருவேளை வெறும் புண் என்று தெரிந்தால், நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்று அம்மாவைத் திட்டாதே. பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஒன்று நான் மேலே சொன்ன வலி மாத்திரை, மற்றது ஹெலிகோபாக்டர் என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் வயிற்றிலேயே அழற்சியைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கு ஒன்று ரெண்டு கிழமை மருந்து கொடுப்பார்கள். வலி நின்றதும் பாதியில் நிறுத்தினால் அது திரும்பி வரும்.

சதை எடுத்திருந்தால் முடிவு அன்றைக்கே வராது. எப்போது, எந்த அறையில் வாங்க வேண்டும் என்று துண்டிலேயே எழுதி வாங்கு. குழாய் போட்டுப் பார்த்தாகிவிட்டது என்று அந்தத் திகதியை மறந்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே. ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று டொக்டரிடம் கேட்டு எனக்கு எழுது. “ஒண்ணுமில்லையாம்” என்று மட்டும் எழுதினால், என்ன ஒன்றுமில்லை என்று கேட்டு வரச்சொல்லி உன்னைத் திரும்பவும் பதுளைக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
அண்ணன்