காட்டும் வேகமும் கிடைக்கும் வேகமும்

கிணற்றில் பம்பு செட்டு அமைத்துள்ள விவசாயிகள் யாவரும் ஓர் உண்மையை அறிவர். மோட்டாரின்மீது பொறித்துள்ள குதிரைச் சக்தி வேறு. வாய்க்காலில் வந்து விழும் தண்ணீர் வேறு. தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்த பின்னரே எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சலாம் என்று முடிவு செய்கிறோம். கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்புக்கும் இவ்விதியே பொருந்தும். இதனை விளங்கிக்கொள்ள, இன்று வழக்கொழிந்துவிட்ட மோடம் இணைப்பு நல்லதொரு பாடமாகும்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியாகவே பெரும்பாலோர் இணைப்புப் பெற்றனர். கம்ப்யூட்டரின் செய்தியை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பி, வரும் ஒலியை மீண்டும் செய்தியாக மாற்றித் தரும் கருவியே மோடம். 1998-இல் வகுக்கப்பெற்ற வி.90 முறையைச் சார்ந்த மோடத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 56,000 பிட். ஆயினும் இணைத்தவுடன் திரையில் சிலருக்கு 1,15,200 என்றும், சிலருக்கு 44,000 என்றும் எண் தோன்றிற்று. இவற்றுள் எது மெய்?

மூன்று வேகங்கள்

1,15,200 என்பது கம்ப்யூட்டருக்கும் அருகிலுள்ள மோடத்துக்கும் இடையேயான வேகம் மட்டுமே. அதை நம்புவது, களத்திலிருந்து பத்தாயத்துக்கு நெல் சுமக்கும் வேகத்தைக் கொண்டு வயலின் விளைச்சலைக் கணிப்பது போன்றதாகும்.

44,000 என்பது இரு முனைகளிலும் உள்ள கருவிகள் தொலைபேசிக் கம்பியின் தரத்தைச் சோதித்துத் தமக்குள் ஒப்புக்கொண்ட வேகம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தொலைவில் இருப்பினும், கம்பியின் இணைப்புகள் துருப்பிடித்திருப்பினும் இவ்வேகம் குறையும். அமெரிக்காவில் கம்பியில் செலுத்தும் சக்திக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பினால், நல்ல கம்பியிலும் 53,300-க்கு மேல் கிட்டவில்லை. மேலும், திரையில் தோன்றுவது பெரும்பாலும் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட எண்ணேயாகும். இடையில் இரைச்சல் மிகுந்து வேகம் தணிந்தாலும் அவ்வெண் மாறாதிருப்பதுண்டு.

மூன்றாவது, உண்மையில் நம் கைக்கு வந்து சேரும் அளவு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 10 லட்சம் பைட் கொண்ட ஒரு படம் 80 லட்சம் பிட் ஆகும். 1,15,200 மெய்யாயின் அது வருவதற்கு ஏறக்குறைய 70 வினாடி போதும். 44,000 வேகத்தில் 180 வினாடிக்கு மேல் ஆகும். பழுதுபட்ட பகுதிகளைத் திரும்ப அனுப்புவதால் இன்னும் தாமதமாகும். தொலைபேசி அழைப்புக்கு நேரக் கணக்கில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு இவ்வேற்றுமை பணச் செலவாகவே முடிந்தது.

எழுத்து மட்டும் உள்ள செய்தியை மோடம் சுருக்கி அனுப்புவதால் அது விரைந்து வரும். படங்கள் பெரும்பாலும் முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றுக்கு இந்த ஆதாயம் இல்லை. ஆகவே எழுத்தைக் கொண்டு வேகத்தை அளந்தால் ஏமாற நேரிடும்.

இன்றைய நிலை

கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 100 மெகாபிட் வேகத்தில் கண்ணாடி இழை இணைப்பு வழங்கும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. மெகா என்பது பத்து லட்சம். 100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்டே உச்ச அளவு. 100 மெகாபைட் என்று கொள்வது தவறு. மேலும், வைஃபை இணைப்பில் கம்ப்யூட்டர் திரை 300 மெகாபிட் என்று காட்டலாம். அது அறையிலுள்ள பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையேயான வேகம். பழைய 1,15,200-இன் மறுவடிவமே அது!

அளந்து பார்க்கும் முறை

1. மற்றவர் உபயோகத்தை நிறுத்தி, கம்ப்யூட்டரைப் பெட்டியுடன் கம்பி மூலம் இணைக்க வேண்டும்.

2. அளவு தெரிந்த, முன்னரே சுருக்கப்பட்ட ஒரு பெரிய கோப்பை வெளியிலிருந்து இறக்கி, ஆகும் வினாடிகளைக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும்.

3. மெகாபைட் அளவை 8-ஆல் பெருக்கி, வினாடிகளால் வகுக்க வேண்டும். 100 மெகாபைட் கோப்பு 40 வினாடியில் வந்தால் வேகம் 20 மெகாபிட். 100 மெகாபிட் முழுமையாகக் கிடைத்திருப்பின் 8 வினாடி போதும்.

4. கோப்பை அனுப்பும் இடமும் மந்தமாக இருக்கக்கூடும். ஆதலின் வேறோர் இடத்திலிருந்தும் இறக்கி ஒப்பிட வேண்டும்.

5. காலை, நண்பகல், மாலை என ஒரு வாரம் அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதிவர வேண்டும்.

பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தின் கடைசி நாளில் இணைப்பு மந்தமானால், பாதிக்கப்படுபவர் வரிசையில் நிற்கும் விவசாயியே. அந்நாள் வரும்வரை காத்திராமல், ஒப்பந்தத்தில் கண்ட வேகத்தையும் நோட்டிலுள்ள வேகத்தையும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் அருகருகே வைத்துப் பார்ப்போமாக. “இணைப்பு சரியில்லை” என்று வாயால் சொல்லும் முறையீட்டைவிட, தேதியும் அளவும் கொண்ட முறையீட்டுக்கு வலிமை அதிகம்.