கையுறை மாட்டிய தம்பிக்கு

தம்பி, ருவான்வெல்லை ரப்பர்த் தோட்டத்திலிருந்து போய், பாடசாலை அணியில் விக்கெட் காப்பாளனாகவும் துடுப்பாட்டக்காரனாகவும் இடம் பிடித்துவிட்டாய். கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஓர் ஆளுக்கு இரண்டு பொறுப்பு. இந்தத் திடல்களில் எத்தனையோ பிள்ளைகள் எழுந்ததையும் விழுந்ததையும் பார்த்த கிழவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. வராத பந்துக்கும் குந்து. 50 ஓவரும் வீசப்பட்டால் குறைந்தது 300 தடவை குந்தி எழ வேண்டும். பல பந்துகள் உன் கைக்கு வரவே வராது. யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நீ எந்தப் பந்துக்குச் சோம்புகிறாயோ, அதில்தான் பிடி வரும்.

2. விரலை இறுக்காதே. அம்மா விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டுவதைப் பார்த்திருப்பாய். கை இறுகிக் கத்தி ஆழமாய் இறங்கினால் மரம் காயப்படும். பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாய் வரும். பந்துக்கும் அந்த இளகிய கைதான் வேண்டும். பயந்த விரல் பந்தைத் தள்ளிவிடும்.

3. துடுப்பின் நட்டத்தைக் கையுறையின் கணக்கில் எழுதாதே. 1996 உலகக் கிண்ண அரையிறுதியில், கல்கத்தா ஈடன் கார்டனில், நம் விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரண முதல் ஓவரிலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். அதே ஆளுடைய கைதான் அன்றிரவு 65 ஓட்டங்களுடன் நின்ற டெண்டுல்கரை ஸ்டம்ப் செய்தது. 98க்கு ஒரு விக்கெட் என்றிருந்த இந்தியா 120க்கு எட்டு ஆனது. ஆட்டமிழந்த கவலையோடு அவர் குந்தியிருந்தால் அந்தக் கணம் கைநழுவிப் போயிருக்கும்.

4. சதத்துக்கு அவசரப்படாதே. குமார் சங்கக்கார 2000 ஜூலையில் காலியில் முதல் டெஸ்ட் ஆடினார். 2001 ஜனவரியில் செஞ்சுரியனில் 98 வரை போய் ஆட்டமிழந்தார். முதல் டெஸ்ட் சதம் ஆகஸ்டில்தான் வந்தது. அதன்பின் வந்தவற்றோடு சேர்த்து மொத்தம் 38. பொறுத்தவன் கையில்தான் விளைச்சல்.

5. இடம் பறிபோனால் மனதை மூடிவிடாதே. தமிழ்நாட்டுத் தினேஷ் கார்த்திக் 2004 செப்டெம்பரில் லோர்ட்ஸில் இந்திய அணிக்கு விக்கெட் காப்பாளராக வந்தார். டிசம்பரில் அதே இடத்துக்குத் தோனி வந்துவிட்டார். அதன்பின் வருவதும் போவதுமாகவே காலம் கழிந்தது. ஆனாலும் பயிற்சியை விடவில்லை. 2018இல் நம் கொழும்பு பிரேமதாச மைதானத்தில், சுதந்திரக் கிண்ண இறுதியாட்டத்தில், 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் வேண்டும் என்ற நிலையில் இறங்கினார். 8 பந்துகளில் 29. கடைசிப் பந்து ஆறு. கதவு எப்போது திறக்கும் என்பது உன் கையில் இல்லை; திறக்கும்போது ஆயத்தமாய் நிற்பது உன் கையில்.

6. பொய்யாய்க் கத்தாதே. பந்து துடுப்பில் உரசியதா என்பது நடுவருக்கு முன்பே உனக்குத் தெரியும். 2003 உலகக் கிண்ண அரையிறுதியில் நம் அரவிந்த டி சில்வா வீசிய பந்தைச் சங்கக்கார பிடித்தார். நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. ஆனால் துடுப்பாடிக்கொண்டிருந்த அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் கில்கிறிஸ்ட், பந்து உரசியது தெரிந்து தாமாகவே வெளியேறினார். அவர் அன்று எடுத்தது 22 ஓட்டங்கள்தான், ஆனால் அந்த நடையை உலகம் இன்றும் மறக்கவில்லை.

7. இரண்டு மொழியிலும் பேசு. உன் அணியில் ஒருவன் சிங்களத்தில் யோசிப்பான், ஒருவன் தமிழில். எல்லோருக்கும் முகம் காட்டி நிற்பவன் நீ ஒருவன்தான். பந்துவீச்சாளன் அடி வாங்கி நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது உன் குரல். பிடியை விட்ட பையனை ஏசாதே. அவன் பெயரைச் சொல்லி, அடுத்த பந்துக்கு அழை.

8. உள்கையுறையை நீயே துவைத்துக் காயப்போடு. மலையிலிருந்து களைத்து வரும் அம்மாவின் தலையில் அதையும் கட்டாதே. மழைக்காலத்தில் திடல் நனைந்து கிடக்கும் நாட்களில் சாதாரணதரப் புத்தகத்தைத் திற. விளையாட்டு உன்னை எங்கே கொண்டு போனாலும் படிப்பு கூடவே வரும்.

தம்பி, ஓட்டங்கள் உனக்குப் பெயர் தரும்; குணம்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றும். நாளைக் காலைப் பயிற்சிக்கு முதல் ஆளாய்ப் போ.